பிரிட்டனில் ஓர் எண்ணை அழுத்தும் முன்: 0800 முதல் 09 வரை காசு யாருக்குப் போகிறது?

லண்டனுக்கு வந்த மூன்றாவது மாதம். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பார்சல் ஏதோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. கூரியர் நிறுவனத்தின் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். 0871-ல் தொடங்கும் எண். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு குரல், நடுநடுவே பியானோ. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினேன், சாம்பாரைக் கொதிக்கவைத்து இறக்கினேன், சோறும் வடித்தாயிற்று. 34-வது நிமிடத்தில் லைன் தானாகவே கட்டானது. மாதக் கடைசியில் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் 23 பவுண்டு 12 பென்ஸ் என்று பில் வந்தது. என்னுடையது 'அன்லிமிடெட்' பிளான் வேறு!

கூரியர்காரர்களை வாய் வலிக்கத் திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் கூரியர் பக்கம் போனது 4 பவுண்டு 42 பென்ஸ்தான் என்று தெரிந்தது. மீதி 18 பவுண்டு 70 பென்ஸும் என் மொபைல் கம்பெனியின் பைக்குள் போயிருந்தது. திட்டு வாங்கியவர் ஒருவர், காசை எடுத்தவர் வேறொருவர். பிரிட்டனின் சிறப்பு எண்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். கீழே இருப்பதெல்லாம் அதன் விரிவுதான். படிக்க வந்திருப்பவர்களுக்கும், வேலைக்கு வந்தவர்களுக்கும், இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: முதல் இலக்கங்களைப் படியுங்கள்

எண்ணின் தலைப்பகுதியிலேயே விலை எழுதியிருக்கிறது.

01, 02: ஊர் எண்கள். 020 என்றால் லண்டன், 0121 என்றால் பர்மிங்காம். பிளானில் உள்ள இலவச நிமிடங்களில் சேரும்.

03: ஊர் சேராத எண்கள். 01, 02-க்கு என்ன விலையோ அதேதான். இலவச நிமிடங்களிலும் சேர வேண்டும் என்பது விதி.

07: மொபைல். ஜெர்சி, கெர்ன்சி போன்ற தீவுகளின் 07 எண்கள் சில பிளான்களில் சேராது, கவனம். 070 என்பது இன்னொரு கதை. பார்க்க மொபைல் எண் போலவே இருந்துகொண்டு பல வருடம் பலரை ஏமாற்றியது. 2019 அக்டோபரில், போன் நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் மொத்த விற்பனை விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகுதான் அடங்கியது.

0800, 0808: கூப்பிடுபவருக்கு இலவசம்.

084: நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை சேவைக் கட்டணம் (இது முழு விலை அல்ல, விளக்கம் படி 2-ல்).

087: 13 பென்ஸ் வரை.

09: நிமிடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் வரை, அல்லது ஓர் அழைப்புக்கு 6 பவுண்டு வரை. போட்டி, ஓட்டு, ஜோதிடம், வயது வந்தோருக்கான அரட்டை எல்லாம் இங்கேதான்.

118: எண் விசாரிக்கும் சேவை. 2003 வரை 192 என்ற ஒரே எண் இருந்தது. போட்டி வந்தால் விலை குறையும் என்று 118-ஐத் திறந்துவிட்டார்கள், விலை ஏறியதுதான் மிச்சம். கடைசியில் 2019 ஏப்ரலில் 90 விநாடிக்கு 3 பவுண்டு 65 பென்ஸ் என்று உச்சவரம்பு கட்ட வேண்டியதாயிற்று. கூகுள் கையில் இருக்கும் காலத்தில் இதற்கு யாரும் போன் போடத் தேவையில்லை.

மூன்று இலக்க எண்களில் 999, 112 அவசரத்துக்கு, 111 மருத்துவ ஆலோசனைக்கு, 105 கரண்ட் போனால். எல்லாமே இலவசம். அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கான 101 முன்பு அழைப்புக்கு 15 பென்ஸ் வாங்கியது, 2020 ஏப்ரல் முதல் அதுவும் இலவசம்.

இந்தப் பட்டியலில் 03-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். '03 என்றால் மலிவு' என்று பலரும் நம்புகிறார்கள். ஊர் எண்ணுக்கு என்ன விலையோ அது என்பதுதான் உண்மை. உங்கள் பிளானில் ஊர் எண்ணே விலை அதிகம் என்றால் 03-ம் அதே விலைதான். 2017-ல் இது நாடாளுமன்றம் வரை போனது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கான உதவி எண் 0345-ல் இருந்தது. மாதப் பிளான் உள்ளவர்களுக்கு அது இலவச நிமிடங்களில் போய்விடும். டாப்-அப் போட்டுப் பேசும் ஏழைகளுக்கோ நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை ஆனது. கையில் காசில்லாதவர், காசு கேட்பதற்காகக் காசு கொடுத்துக் காத்திருந்தார். எதிர்ப்பு கிளம்பி, அந்த ஆண்டு நவம்பருக்குள் எண்ணை 0800-க்கு மாற்றினார்கள். நீங்களும் டாப்-அப் ஆள் என்றால் 03-ஐக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மாதாந்திரப் பேக் ஒன்றைப் போட்டுக்கொண்டு பிறகு கூப்பிடுங்கள்.

படி 2: விலை இரண்டு துண்டு என்பதை மனதில் வையுங்கள்

2015 ஜூலை 1-க்கு முன்பு 0845-க்கு என்ன ஆகும் என்று யாராலும் நேராகச் சொல்ல முடியாது. 'பி.டி. (பிரிட்டிஷ் டெலிகாம்) லைனில் இவ்வளவு, மற்ற நெட்வொர்க்கில் மாறலாம், மொபைலில் கணிசமாகக் கூடலாம்' என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்கள். அந்தக் 'கணிசமாக' எவ்வளவு என்பது பில் வந்தால்தான் தெரியும். 0800 கூட மொபைலில் இருந்து இலவசமாக இல்லை. 1985-ல் வந்த எண், இலவசம் என்றே பெயரெடுத்த எண், ஆனால் மொபைலில் கூப்பிட்டால் காசு!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அன்றைக்கு இரண்டு காரியம் செய்தது. 0800, 0808 எண்களையும் 116-ல் தொடங்கும் உதவி எண்களையும் மொபைலிலும் இலவசமாக்கியது. 084, 087, 09, 118 எண்களின் விலையை இரண்டாக உடைத்தது.

ஒன்று, சேவைக் கட்டணம். நீங்கள் கூப்பிடும் நிறுவனம் தன் எண்ணுக்கு வைக்கும் விலை. எந்தப் போனிலிருந்து கூப்பிட்டாலும் ஒன்றேதான்.

இன்னொன்று, அணுகல் கட்டணம். ஆங்கிலத்தில் 'ஆக்சஸ் சார்ஜ்' என்று தேட வேண்டும். உங்கள் போன் கம்பெனி, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வைக்கும் விலை. ஒரு பிளானுக்கு ஒரே விலைதான் இருக்க வேண்டும், நிமிடக் கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இப்போது விளம்பரங்களில் "நிமிடத்துக்கு 7 பென்ஸ், அத்துடன் உங்கள் போன் நிறுவனத்தின் அணுகல் கட்டணம்" என்ற வாக்கியம் வருகிறது. முதல் பாதியைப் படித்துவிட்டு 'ஏழு பென்ஸ்தானே' என்று போனை எடுப்பவர்கள் இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அணுகல் கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் கம்பெனி தானே முடிவு செய்கிறது.

படி 3: உங்கள் அணுகல் கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒருமுறை செய்தால் போதும். உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் விலைப்பட்டியல் பக்கத்தைத் திறந்து, உங்கள் பிளானின் பெயரோடு பாருங்கள். லேண்ட்லைனில் பொதுவாகக் குறைவாக இருக்கும். மொபைலில் 50 பென்ஸ் சாதாரணம், 60-ஐத் தாண்டுவதும் உண்டு. பழைய பில்லில் பார்த்ததை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் விலையேற்றத்தின்போது இதையும் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார்கள்.

படி 4: கூட்டி, நிமிடத்தால் பெருக்குங்கள்

என் பார்சல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 13 பென்ஸ், அணுகல் கட்டணம் 55 பென்ஸ், ஆக நிமிடத்துக்கு 68. அதை 34-ஆல் பெருக்கினால் 23 பவுண்டு 12 பென்ஸ். காத்திருக்கும் நேரமும் பேசும் நேரம்தான். மறுமுனையில் இயந்திரம் எடுத்த நொடியிலிருந்து மீட்டர் ஓடும். எனவே 'இரண்டு நிமிட வேலை' என்று கணக்குப் போடாதீர்கள், இருபது என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் கூப்பிட வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

அந்த 13 பென்ஸும் முழுசாகக் கூரியர் கையில் சேருவதில்லை. அதற்குள்ளேயே 20 சதவீத வாட் வரி இருக்கிறது. மீதியில் அந்த எண்ணை வாடகைக்குக் கொடுத்த தொலைபேசி நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சும் சில பென்ஸ்தான் அவர்களுக்கு.

0800-ல் காசு எதிர்த்திசையில் ஓடுகிறது. கூப்பிடப்பட்ட நிறுவனம் தன் எண்ணைத் தந்த நிறுவனத்துக்குக் கட்டும். அது உங்கள் மொபைல் கம்பெனிக்கு, அழைப்பைத் தொடங்கிவைத்ததற்காக ஒரு தொகை கொடுக்கும். ஆக இலவச எண்ணிலும் உங்கள் மொபைல் கம்பெனிக்கு வருமானம் உண்டு, கட்டுபவர்தான் வேறு.

இலவச எண்களில் பலர் அறியாத ஒன்று, அவை விவரப் பில்லில் பதிவாகாது. வீட்டுக்குள் அடி வாங்கும் ஒருவர் 0808 உதவி எண்ணுக்குப் பேசியது, பில் கட்டும் கணவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் கைபேசியின் அழைப்புப் பட்டியலில் எண் இருக்கும். அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். மனம் உடைந்த நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123, இரவு பகல் எப்போதும், டாப்-அப் இல்லாவிட்டாலும்.

படி 5: மாற்று எண் தேடுங்கள்

0844, 0845, 0870, 0871 எண் கண்ணில் பட்டால் முதல் வேலை, 8-ஐ எடுத்துவிட்டு 3-ஐப் போட்டுப் பாருங்கள். 0845-ஐ 0345 ஆக, 0871-ஐ 0371 ஆக. மற்ற இலக்கங்கள் அப்படியே. 034, 037 எண்களை, அதே 084, 087 எண் வைத்திருப்பவர்களுக்கென்றே ஆஃப்காம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் பல சமயம் அதே நிறுவனம், அதே வரிசை, அதே பியானோ. அந்தக் கூடுதல் காசு மட்டும் கிடையாது. எடுக்காவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் 'வெளிநாட்டிலிருந்து அழைக்க' என்று ஒரு +44 எண் இருக்கும். அது பெரும்பாலும் சாதாரண ஊர் எண்தான்.

நீங்கள் ஏற்கெனவே ஒரு பொருளையோ சேவையையோ வாங்கியிருந்தால், அது பற்றிக் கேட்பதற்கான எண் சாதாரண விலைக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014 ஜூன் 13-லிருந்து சட்டம் இருக்கிறது. மீறி வாங்கினால் கூடுதல் தொகையைக் கடைக்காரர் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். சரி, எனக்கு ஏன் அது கைகொடுக்கவில்லை? கூரியரோடு ஒப்பந்தம் போட்டது அம்மா. நான் வெறும் பெறுநர்.

கூகுளில் எண் தேடுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வருமான வரித் துறை, வங்கி, பாஸ்போர்ட் என்று தேடினால் மேலே சில தளங்கள் வரும். எண் இருக்கும், அழகாக இருக்கும், 084 அல்லது 087 அல்லது 09 என்று தொடங்கும். அந்த எண் வருமான வரித் துறையுடையது அல்ல. நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, உங்கள் அழைப்பை வாங்கி, அதே துறையின் 0300 எண்ணுக்குத் திருப்பிவிடுகிறார். திருப்பிவிட்ட பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். விலையைச் சொல்லிவிட்டால் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில் என்பதுதான் வயிற்றெரிச்சல். அரசு எண் வேண்டுமென்றால் அரசின் தளத்துக்கு நேராகப் போங்கள், வங்கி எண் வேண்டுமென்றால் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள்.

படி 6: 09-ம் ஐந்து இலக்க மெசேஜும்

09 ஒரு கல்லாப்பெட்டி. கூப்பிடுபவர் எண்ணிக்கைதான் வருமானம், பதில் சரியா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். டிவி போட்டிகளில் கேள்வி ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று இப்போது புரியும். 2007-ல் இது நாறியது. ஜிஎம்டிவியின் காலை நிகழ்ச்சியில், போன் லைன் மூடுவதற்கு முன்பே இறுதிச் சுற்றுக்கான பெயர்களை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்களுக்கு ஜெயிக்க வாய்ப்பே கிடையாது, காசு மட்டும் போனது. ஆஃப்காம் 20 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ஐடிவி தொலைக்காட்சிக் குழுமத்துக்கு வேறு நிகழ்ச்சிகளுக்காக 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு.

மெசேஜில் 6, 7, 8-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண்கள் இதே வகை. ஒருமுறை காசு எடுப்பதும் உண்டு, வாராவாரம் எடுக்கும் சந்தாவும் உண்டு. நீங்கள் சேர்ந்த சேவைதான் என்றால் 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் அனுப்பினால் நிற்கும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்த குப்பை மெசேஜுக்கு எதுவும் பதில் அனுப்ப வேண்டாம். அதை 7726-க்கு அனுப்பிவிடுங்கள், இலவசம்.

நம் ஊரில் மிஸ்டு கால் என்பது காசில்லாமல் சேதி சொல்லும் வழி. இங்கே தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் அது தூண்டில். திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்கும் காசில் அவர்களுக்குப் பங்கு. ஜப்பானியர்கள் இதற்கு 'வான்கிரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், 'ஒரு ரிங், கட்' என்று பொருள்.

படி 7: கதவைப் பூட்டுங்கள், பில் வந்துவிட்டால் சண்டை போடுங்கள்

உங்கள் கம்பெனியிடம் 09, 118, பிரீமியம் மெசேஜ் மூன்றையும் தடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் கையில் போகும் போனுக்கு இது கட்டாயம். மாதாந்திர ஒப்பந்தம் என்றால் பில்லுக்கு வரம்பும் வைக்கலாம். 2018 அக்டோபர் முதல் புதிதாகச் சேருபவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் மொபைல் நிறுவனங்கள் அந்த வசதியைத் தந்தாக வேண்டும். வரம்பு பூஜ்ஜியம் என்று வைத்தால் மாதக் கட்டணத்துக்கு மேல் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பில் வந்துவிட்டதா? முதலில் அந்த எண்ணை ஆஃப்காம் தளத்தின் எண் சரிபார்ப்பில் போட்டு யாருடையது என்று பாருங்கள். முன்பு இந்தச் சேவைகளுக்கென்று தனி ஆணையம் இருந்தது, 2025 பிப்ரவரி 1 முதல் அந்த வேலையும் ஆஃப்காமிடம்தான். சேவைக் கட்டணத்தை எண்ணுக்கு உரியவரிடம் கேளுங்கள். அணுகல் கட்டணத்தை உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள், அதற்கு அசரக் கூடாது. எழுத்தில் புகார், எழுத்தில் பதில். இனி பேச எதுவுமில்லை என்றால் 'டெட்லாக் லெட்டர்' கேட்டு வாங்குங்கள், அதை வைத்துக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

எண் வாங்கப் போகும் கடைக்காரர்களுக்கு

லண்டனின் ஹாரோ பகுதியில் நான் காய்கறி வாங்கும் கடை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, 0844 எடுத்தா ஒவ்வொரு கோலுக்கும் எனக்கும் காசு வருமாம் எண்டு ஒரு பெடியன் வந்து சொல்லிட்டுப் போறான். உண்மையோ?"

"வரும் அண்ணா, நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு பென்ஸ். ஆனா கூப்பிடுறவங்களுக்கு அறுபது, எழுபது போகும்."

"அப்ப மிச்சம் ஆருக்கு?"

"அவங்க போன் கம்பெனிக்கு."

முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "என்ர கஸ்டமரைப் பிடிச்சு அவங்களுக்கு நான் ஏன் குடுக்க வேணும்?"

0800 எடுத்தால் உள்ளே வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்கள் கட்ட வேண்டும். விலை கேட்கும்போது 'மொபைலில் இருந்து வரும் அழைப்புக்கு எவ்வளவு' என்று தனியாகக் கேளுங்கள், லேண்ட்லைன் விலையைக் காட்டி விற்றுவிடுவார்கள். இன்றைக்குக் கூப்பிடுவது எல்லாரும் மொபைலில்தான். பல ஊர்களில் கிளை, தனியாகப் போன் எடுக்க ஆள் என்று இருந்தால் 03 பொருந்தும். அதில் வருமானப் பங்கு வாங்கத் தடை இருப்பதால் வாடிக்கையாளருக்கும் சந்தேகம் வராது. அண்ணன் கடைசியில் 020 எண்ணிலேயே இருந்துவிட்டார், கூடவே வாட்ஸ்அப்.

நாட்டு எல்லையைத் தாண்டும்போது

0800 இலவசம் என்பது பிரிட்டனுக்குள் மட்டும்தான். சென்னையிலிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் லைனே போகாது, ரோமிங்கில் இருந்தால் காசு பிடிக்கலாம். அதேபோல் இங்கிருந்து இந்திய வங்கியின் 1800 எண்ணுக்கு முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், +91 எண் ஒன்று கட்டாயம் இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் இங்குள்ள வங்கியின் +44 எண்ணையும் அங்குள்ள வங்கியின் +91 எண்ணையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்த பிறகு அட்டையின் பின்புறத்தைப் பார்க்க முடியாது.